வராதவர்களின் சராசரி

பட்டாபிராம்
10.6.2024

அன்புள்ள குணாவுக்கு,

உன் மாமன் மகள் எழிலரசி எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் காது இப்போது எப்படி இருக்கிறது? வீட்டில் எல்லாரும் சுகமா?

பிப்ரவரியில் திருநின்றவூர் கல்யாணத்தில் எத்தனையோ வருஷம் கழித்து உன்னைப் பார்த்தேன். "பொண்ணு எத்தனாவது படிக்கிறா?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே "ஆமா ஆமா, சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றாய். பட்டறைச் சத்தத்தில் உனக்கு இரண்டு காதும் போய்விட்டது என்று உன் மனைவி சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் போன் செய்யாமல் கடிதம். வாட்ஸப்பில் எழுதலாம்தான், ஆனால் நான் கேட்க வந்தது ஒரு சூத்திரம். மேலே ஒன்று, கோடு, கீழே ஒன்று என்று போட அந்தப் பெட்டியில் இடமில்லை.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். மார்க் போடும் மென்பொருள் எழுத வந்த கம்பெனிக்காரர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் மேலதிகாரி இருதயராஜ் சார், "நீதான் ஆன்லைன்ல பைத்தான் கோர்ஸ் முடிச்சியேம்மா, பண்ணிடு" என்று என் தலையில் கட்டிவிட்டார். விதிப் புத்தகத்தில் சராசரிக்கு ஒரு சூத்திரம் போட்டிருக்கிறார்கள். அதில் Σ என்று ஒரு குறி. பார்த்தால் கால் உடைந்த நாற்காலி மாதிரி இருக்கிறது. அதை எப்படி நிரலாக எழுதுவது?

கணக்கு என்றால் எனக்கு இன்னும் உன் ஞாபகம்தான். பட்டாபிராம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சென்ட்ரல் வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று ஒரு மாதம் குறித்தோமே, பதினொரு நிமிஷம் என்று சராசரி வந்தது. நீ அதை சாக்பீஸால் தூணில் எழுதிவைத்தாய். போர்ட்டர் உன் காதைத் திருகினார். அந்தத் தூண் இப்போது இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
எழில்


ஓசூர்
22.6.2024

எழிலுக்கு,

கடிதம் கிடைத்தது. காது இரண்டும் ஓய்வு வாங்கிக்கொண்டன, மற்ற உறுப்புகள் டியூட்டியில் இருக்கின்றன. முழங்காலுக்கு எண்ணெய் போட்டு வெந்நீர் ஒத்தடம் கொடு. பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள், உன் கேள்விக்கு நாலு மாதம் கழித்துப் பதில்.

பெயிலானவனிடம் பாடம் கேட்கிறாயே, உனக்கே நியாயமா? போகட்டும். இங்கே கியர் பல்லை ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுக்கிற கம்ப்யூட்டருக்கு நான்தான் நிரல் எழுதுகிறேன். யாரும் சொல்லித்தரவில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அந்த நாற்காலிக்குப் பயப்படாதே. 'ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டிக்கொண்டே போ' என்று முழுசாக எழுதச் சோம்பல்பட்டவர்கள் போட்ட குறி அது. உனக்கு இரண்டு டப்பா வேண்டும். ஒன்றுக்கு 'மொத்தம்' என்று பேர் வை, மற்றதற்கு 'எண்ணிக்கை'. முதலில் இரண்டிலும் பூஜ்யம். ஒரு மாணவனின் மார்க்குகளை வரிசையாக எடு. ஒவ்வொரு மார்க்குக்கும் மொத்தத்தில் அதைச் சேர், எண்ணிக்கையில் ஒன்றைச் சேர். வரிசை முடிந்ததும் மொத்தத்தை எண்ணிக்கையால் வகு. சூத்திரத்தில் கோட்டுக்கு மேலே இருப்பது முதல் டப்பா, கீழே இருப்பது இரண்டாவது. வகுக்கிற குறியை ஒரு தடவைதான் போட வேண்டும். பைத்தானில் இரண்டு தடவை போட்டால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிடும்.

ஒன்று கேட்கிறேன். தேர்வுக்கு வராதவர்களுக்கு உங்கள் ஊரில் என்ன செய்கிறீர்கள்?

உன் கணவரையும் பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்.
குணசேகரன்


பட்டாபிராம்
4.7.2024

அன்புள்ள குணா,

அங்கே மழை உண்டா? இங்கே ஒரு தூறல் போட்டுவிட்டு மறுபடி வெயில். முழங்கால் பரவாயில்லை, உன் ஒத்தடத்துக்கு நன்றி.

டப்பா வேலை செய்தது. அறுபது மார்க்கும் எழுபது மார்க்கும் கொடுத்தேன், 65 என்று திரையில் வந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து சீட்டு கிருஷ்ணப்பிரியா டீயைக் கொட்டிவிட்டாள். "இன்னாக்கா, லாட்டரியா?" என்றாள். நாற்பத்தைந்து வயதில் ஒரு மெஷின் நான் சொன்னதைக் கேட்டது, அந்தச் சந்தோஷம் உனக்குப் புரியும்.

மூன்று தேர்வுகளின் சராசரி நாற்பதுக்குக் கீழே போனால் அந்தப் பாடத்தில் செமஸ்டர் எழுத முடியாது. இதுதான் விதி. ஆகஸ்டில் முதல் பட்டியல் போட வேண்டும்.

கடைசி ஸ்டேஷனான மிலிட்டரி சைடிங் வரை போகிற வண்டியில் ஏறி, எல்லாரும் இறங்கிய பிறகும் காலிப் பெட்டியில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போமே. நேற்று அந்த வண்டியில் வேண்டுமென்றே கடைசிவரை போனேன். பெட்டியில் ஒரு சிப்பாய் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார். அழுகை வந்தது, காரணம் கேட்காதே.

அன்புடன்,
எழில்


ஓசூர்
15.7.2024

எழிலுக்கு,

நலமே. இங்கே குளிர்காற்று அடிக்கிறது, பெண் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு படிக்கிறாள்.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. மறந்திருப்பாய். ஞாபகப்படுத்துகிறேன். அந்த ஒரு மாதக் கணக்கில் ஒருநாள் சென்ட்ரல் வண்டியை ரத்து செய்துவிட்டார்கள். நீ, "வரவே இல்லாத வண்டி எப்டி லேட்டாவும்? சைபர் போடு" என்றாய். நான், வராததைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது, முப்பதுக்குப் பதில் இருபத்தொன்பதால் வகுக்க வேண்டும் என்றேன். பிளாட்பாரமே பார்க்கிற மாதிரி சண்டை போட்டோம். உன் அப்பாவிடம் வழக்கு போனது. மாமா சிரித்துக்கொண்டே "எழிலு சொல்றதுதான் சரி" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். நீ அவருடைய செல்லம்.

எனக்கு அது நல்ல ஞாபகம்தான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் உன் நிரலில் என்ன செய்திருக்கிறாய் என்று எழுது.

குணா


பட்டாபிராம்
28.9.2024

அன்புள்ள குணா,

இரண்டு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டிலும் எல்லாரும் நலம். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் எழுந்து போய்விட்டேன். உன் வீட்டில் சுகம்தானே?

ஆகஸ்டில் பட்டியல் போட்டோம். போன வாரம் பூந்தமல்லியிலிருந்து மர்வா என்று ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். இரண்டாம் வருஷம். முதல் தேர்வில் 58, மூன்றாவதில் 55. இரண்டாவதை டெங்குவில் ஆஸ்பத்திரியில் இருந்ததால் எழுதவில்லை, சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறாள். பட்டியலில் அவளுக்கு 37.67 என்று வந்து செமஸ்டர் எழுத முடியாது என்றாகிவிட்டது. அவளுடைய அப்பா கலீல் ரகுமான் பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருக்கிறார். சண்டை போடவில்லை. "படிப்பு வரலன்னா வுட்டுரலாம்மா, மாப்ள கேட்டுகினு கீறாங்க" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபிறகு நிரலைத் திறந்து பார்த்தேன். ஜூலையில் காலியான கட்டம் வந்த இடத்திலெல்லாம் மெஷின் பிழை என்று நின்றுவிட்டது. அதன் வாயை அடைக்க, 'காலியாக இருந்தால் பூஜ்யம்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அப்புறம் அந்த வரியை மறந்தே போனேன். விதிப்படி சர்ட்டிபிகேட் உள்ளவர்களுக்கு எழுதிய தேர்வுகளை மட்டும்தான் கணக்கெடுக்க வேண்டும். மர்வாவுக்கு 56.5 வந்திருக்க வேண்டும். அவளோடு சேர்த்துப் பதினொரு பேர்.

இருதயராஜ் சாரிடம் சொன்னேன். "லிஸ்ட்ல பிரின்ஸிபால் கையெழுத்து ஆயிடுச்சும்மா. இப்ப தோண்டுனா உனக்கும் கெட்ட பேரு, எனக்கும் கெட்ட பேரு. அடுத்த வாட்டி சரியா போட்டுரலாம். ஒரு வருஷந்தானே" என்றார். நல்ல மனிதர், ரிட்டயராக ஏழு மாதம் இருக்கிறது. நவம்பர் 25 அன்று செமஸ்டர் ஆரம்பிக்கிறது.

நான் என்ன செய்வது?

எழில்


ஓசூர்
6.10.2024

எழிலுக்கு,

சுகமே, அங்கும் அப்படியே இருக்கட்டும்.

நிரலைத் திருத்துவது ஒரு வரி வேலை. சர்ட்டிபிகேட் உள்ளவர்களுக்குக் கட்டம் காலியாக இருந்தால் மொத்தத்திலும் சேர்க்காதே, எண்ணிக்கையிலும் சேர்க்காதே. தாண்டிப் போ. கோட்டுக்குக் கீழே மூன்று இருக்காது, இரண்டு இருக்கும்.

பட்டியலை என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதே.

குணசேகரன்


பட்டாபிராம்
12.10.2024

குணா,

இந்தக் கடிதத்தில் உடம்பு, மழை எதையும் எழுதப்போவதில்லை. இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

நீ பதினொன்றாவது படித்தபோது அப்பாதான் உன் வகுப்பாசிரியர். இங்கிலீஷ் வாத்தியாருக்குக் கூட்டல் வகுத்தல் என்றால் ஆகாது. மார்க் ரெஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். நான் கால்குலேட்டரில் சராசரி போட்டுப் பட்டியல் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். 96 மே மாதம். உன் வரிசையில் இங்கிலீஷில் 48, பிறகு சிவப்பு மையில் 'வ' என்று வரவில்லை குறி, பிறகு 51. அரைப் பரீட்சையின்போது உன் அப்பா இறந்துபோயிருந்தார் என்பது எனக்குத் தெரியும், சாவு வீட்டில் நானும் இருந்தேன். ஆனால் வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டு போன வேகத்தில் 'வ' என்றால் பூஜ்யம் என்று தட்டினேன். 99-ஐ மூன்றால் வகுத்தேன். 33. பாஸ் மார்க் 35. இரண்டால் வகுத்திருந்தால் நாற்பத்தொன்பதரை.

உன்னைப் பெயிலாக்கியது நான்.

ஜூன் மாதம் நான் ப்ளஸ் டூ போக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அதற்குள் நீ அம்பத்தூரில் லேத் பட்டறையில் சேர்ந்திருந்தாய். "சொந்தத் தங்கச்சி புள்ளைக்கே பெயில் போட்டான்" என்று அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினாள். உனக்கு என்னைக் கொடுப்பதாக வீட்டில் ஒரு பேச்சு இருந்தது, அதுவும் அதோடு போனது. அப்பாவிடம் சொன்னால் உடைந்துபோவார் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் இது தெரியாமலே கண்ணை மூடினார். எனக்கு இருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எழிலரசி


ஓசூர்
1.11.2024

அன்புள்ள எழிலு,

தீபாவளி நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியும். நோட்டீஸ் போர்டில் 33-ஐப் பார்த்த இடத்திலேயே மனக்கணக்காக வகுத்துவிட்டேன். பட்டியல் உன் கையெழுத்து. வயிறு பெருத்த உன் 3 எனக்குத் தெரியாதா?

மறுநாள் ஸ்கூல் வாசலில் மாமாவை நிறுத்திச் சொன்னேன். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, என் கையிலிருந்த காகிதத்தில் தானே கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்புதான்டா குணா. ஆனா இது வெளிய போச்சுன்னா ரெஜிஸ்டர ஊட்டுக்கு எடுத்துகினு போயி பொண்ணு கைல குடுத்தேன்னு ஆயிடும். என் வேல போயிடும்டா. அவ பேரு நாறிடும். ஒரு வருசந்தானே, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பெரியவர் ஒருவர் என்னிடம் கெஞ்சி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. சரி மாமா என்றேன். மாமா கேட்ட அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் இல்லை, எழிலு. அப்பா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. "பெயிலானவன் இன்னாத்துக்குப் படிக்கணும்?" என்று அம்மா என்னைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டாள். நான் அம்மாவிடமும் சொல்லவில்லை. உனக்காகத்தான் சொல்லவில்லை. மாமாவுக்காக என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், அது பொய்.

கோபம் இருந்தது. பத்து வருஷம் இருந்தது. உன் கல்யாணத்துக்கு வராததும் அதனால்தான்.

மாமா நல்ல மனிதர். நல்ல மனிதர் பயந்துவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து அவர் உன்னிடம் ரெஜிஸ்டர் கொடுத்திருக்க மாட்டார் என்று ஊகிக்கிறேன். அதாவது மற்ற பிள்ளைகளுக்குச் சரியாகப் போட்டிருப்பார். எனக்குப் போடவில்லை. உன் ஆறுதலைக் கெடுக்க எனக்கு மனசில்லை, சாகும்வரை சொல்லியிருக்கவும் மாட்டேன். உங்கள் சார் சொன்னதாக நீ எழுதிய அந்த 'ஒரு வருஷந்தானே' என்னை எழுத வைத்துவிட்டது.

குணா


பட்டாபிராம்
7.11.2024

குணா,

ஆமாம், அடுத்த வருஷம் ரெஜிஸ்டர் தரவில்லை. "உனக்கு ப்ளஸ் டூ கீது, படி" என்றார். என்மேல் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

நீ சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாளாக அப்பா படத்துக்கு விளக்கேற்றவில்லை. பதில் எழுதாதே.

எழிலரசி


ஓசூர்
14.11.2024
(அஞ்சல் அட்டை)

எழுதாதே என்றாய், அதனால் அட்டை மட்டும். 25ஆம் தேதி தேர்வு என்று சொல்லியிருந்தாய். மர்வா எழுதுகிறாளா? உடம்பைப் பார்த்துக்கொள்.

குணா


பட்டாபிராம்
3.12.2024

அன்புள்ள குணா,

புயல் மழையில் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை. அங்கே எப்படி? உன் அட்டை ஈரமாகத்தான் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

பதினெட்டாம் தேதி பிரின்ஸிபாலிடம் போனேன். பதினொரு பேருடைய பெயர், பழைய சராசரி, சரியான சராசரி, பிழையான அந்த ஒரு வரி, அதை எழுதியது நான்தான் என்ற வாக்கியம், கீழே என் கையெழுத்து. அவ்வளவையும் ஒரே தாளில் கொடுத்தேன். அவர் தாளை முழுசாகப் படித்தார். பிறகு இருதயராஜ் சாரைக் கூப்பிட்டார். சார் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், "உனக்கு இன்னாம்மா வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். திருத்திய பட்டியல் மறுநாளே போர்டில் ஏறியது. என்னைத் தேர்வுப் பிரிவிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். சாக்பீஸ், டஸ்டர், டோனர். மெஷின் கிடையாது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

மர்வா எழுதுகிறாள். முதல் தாள் முடிந்ததும் ஸ்டோருக்கு வந்து, "மேடம், நல்லா எழுதிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

பதினொரு பேரில் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். முத்தாபுதுப்பேட்டை அபிஷேக் மட்டும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழையில் அவன் வீட்டைத் தேடிப் போனேன். ஆகஸ்ட் பட்டியலைப் பார்த்த வாரமே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போய்விட்டானாம். யூனிஃபார்மோடு வந்து வாசலில் நின்றான். தப்பு என்னுடையது என்று சொன்னேன். "வுடுங்க மேடம். நீங்க இவ்ளோ தூரம் வந்ததே பெருசு. நான் இங்க செட்டாயிட்டேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் பஸ் ஏறிவிட்டேன். அவனுடைய தாள் பன்னிரண்டாம் தேதி.

அப்பா படத்துக்கு மறுபடி விளக்கேற்றுகிறேன். கோபத்தோடுதான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது. அந்த வருஷம் பட்டறை வாசலில் யாராவது வந்து, தப்பு எங்களுடையது, பள்ளிக்கூடத்துக்கு வா என்று உன்னைக் கூப்பிட்டிருந்தால் நீ வந்திருப்பாயா?

எழில்


ஓசூர்
6.12.2024
(விரைவு அஞ்சல்)

அன்புள்ள எழிலு,

இங்கே எல்லாரும் நலம். நீ ஸ்டோரில் படி ஏறி இறங்காதே, முழங்கால் பத்திரம்.

முதல் நாள் கூப்பிட்டிருந்தால், வேண்டாம், செட்டாகிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். அப்புறம் நாலு மாதம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை வாசலுக்கு வந்து நின்றேன், யாராவது மறுபடி வருகிறார்களா என்று பார்க்க.

பன்னிரண்டாம் தேதிக்குள் இன்னொரு தடவை போ.

குணா